ஒரே வாயை நான்கு பேர் பார்ப்பது எப்படி?

எங்கள் அத்தை பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். கீழ்த்தாடையின் இடது பக்கத்தில் அவருக்கு இரண்டு பற்கள் போய் வருடக்கணக்காகிவிட்டது. வலது பக்கத்தாலேயே மென்று மென்று அங்கும் வலி தொடங்கிய பிறகுதான் பல் கட்டிக்கொள்ளலாம் என்று புறப்பட்டார். துணைக்கு நான் போனேன்.

ஓர் இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, படத்தை உறையில் போட்டு, கடிதம் ஒன்றோடு வேறோர் இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்தவர், பல் வரிசையைச் சீர்செய்யும் நிபுணரிடமும் கேட்க வேண்டும் என்றார். அதற்காக வாயில் அச்சு எடுத்தார்கள். அடுத்த தடவை போனபோது அச்சில் வார்த்த மாதிரி உடைந்திருந்தது; மறுபடி அச்சு. இதற்கிடையில் எக்ஸ்ரே உறை வழியில் கினிகத்தேனை மழையில் நனைந்து படம் பாழாகிவிட்டது, மறுபடி எக்ஸ்ரே. ஆறு தடவை போய்வந்தோம். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிப் பக்கம் இன்னொரு பஸ். ஆறு நாளும் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலை வரவுப் பதிவில், அத்தைக்குப் பேர் இல்லை. பேர் இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. ஆறாவது நாள் திரும்பி வரும்போதும் அவர் வாயில் சிகிச்சை எதுவும் தொடங்கியிருக்கவில்லை. என்ன செய்வது என்றே முடிவாகவில்லை.

யாரும் அலட்சியமாக நடந்துகொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொருவரும் தம் வேலையைச் செய்தார்கள். ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த இடைவெளியை டிஜிட்டல் கருவிகள் எப்படி நிரப்புகின்றன, எங்கே நிரப்ப முடியாமல் நிற்கின்றன என்பதைப் பல் மருத்துவம் படிக்காத ஒருவருக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

திட்டம் எதற்கு?

பல் வலித்தால் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவதுதான் நம் பக்கத்தில் அதிகம். அதற்குத் திட்டம் தேவையில்லை. ஆனால் போன பல்லுக்குப் பதில் பல் வைக்க வேண்டும், பல்லை நகர்த்த வேண்டும், தாடை எலும்பைத் தொட வேண்டும் என்றால் கதை வேறு. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது, நடுவில் எத்தனை மாதம் காத்திருப்பது என்று எழுதிக்கொள்ள வேண்டும். கவ்வாத்து வெட்டிய மலையில் மறுநாளே கூடையோடு இறங்க முடியாது என்பது நமக்குத் தெரியும். வாயும் அப்படித்தான். வலியையும் கிருமித் தொற்றையும் முதலில் தணிக்க வேண்டும். பிறகு முரசைச் சரியாக்க வேண்டும். அதற்குப் பிறகே கட்டும் வேலை. முரசு என்று இங்கே நான் சொல்வது ஈற்றை.

அத்தையின் வாயையே எடுத்துக்கொள்வோம். ஒரு பல் போய்விட்டால் பக்கத்துப் பற்கள் இருந்த இடத்திலேயே இருப்பதில்லை. பின்னால் உள்ள பல் காலியான இடத்தை நோக்கி மெல்லச் சாயும். எதிரே மேல்தாடையில் உள்ள பல்லுக்குக் கடிக்க ஒன்றும் இல்லாததால் அது கீழே இறங்கத் தொடங்கும். சில வருடங்களில் இரண்டு பல் வைக்கப் போதுமாக இருந்த இடம், ஒன்றரைப் பல்லுக்கான இடமாகச் சுருங்கியிருக்கும். இப்போது கேள்விகள் கிளம்புகின்றன. சாய்ந்த பல்லை நிமிர்த்துவதா? அது பல் வரிசை நிபுணரின் வேலை. எலும்பில் திருகாணி போன்ற இம்ப்ளான்ட் பதித்து அதன்மேல் பல் வைப்பதா? அது அறுவைச் சிகிச்சை செய்கிறவரின் வேலை. பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்துப் பாலம்போல் கட்டுவதா, கழற்றி மாட்டும் செட்டா? அது பல் புனரமைப்பு பார்க்கிறவரின் வேலை. அந்தப் பல்லைச் செய்து தரப் போகிறவர், லெப்பில் இருக்கும் தொழில்நுட்பவியலாளர். முரசில் நோய் இருந்தால் அதற்கு ஒருவர், சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தால் அதைப் பார்க்கும் வைத்தியர்.

இவர்களின் முடிவுகள் ஒன்றின் கழுத்தில் ஒன்று கட்டப்பட்டவை. இயற்கைப் பல்லைக் கம்பி போட்டு நகர்த்தலாம். எலும்போடு ஒட்டிப்போன இம்ப்ளான்டை நகர்த்த முடியாது. ஆகவே நகர்த்த வேண்டியதை நகர்த்தி முடித்த பிறகே அதைப் பதிக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு அதைப் பதித்தால், சுற்றியுள்ள எலும்பும் பற்களும் வளர வளர அது மட்டும் பள்ளத்தில் நின்றுவிடும். வரிசை மாறினால் செய்த வேலையைக் கலைக்க வேண்டிவரும், சில நேரம் கலைக்கவும் முடியாது.

பொருள் பயணித்த காலம்

முன்பு இந்த நால்வரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டது மூன்று பொருட்களின் வழியாக: எக்ஸ்ரே பிலிம், வாயின் அச்சில் வார்த்த மாதிரி, கையால் எழுதிய கடிதம். மூன்றும் நோயாளியின் பையில் பஸ் ஏறின.

ரொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895இல். அடுத்த வருடத் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் ஓட்டோ வோல்க்ஹொஃப் என்ற பல் வைத்தியர் தன் பற்களைப் படமெடுத்துப் பார்த்துவிட்டார். அந்த ஒரு படத்துக்காக 25 நிமிடம் அசையாமல் கிடந்தார். பிறகு வேகம் கூடியதே தவிர, பிலிம் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு பிரதிதான் என்ற நிலை தொண்ணூறு வருடம் மாறவில்லை. தொலைந்தால் தொலைந்ததுதான்.

அச்சின் சங்கடம் வேறு. வாயில் கரண்டிபோல ஒன்றை வைத்து அழுத்துவார்களே, குமட்டிக்கொண்டு வரும், அந்தக் கூழ் பெரும்பாலும் அல்ஜினேட். கடற்பாசியிலிருந்து வருவது. அதில் தண்ணீர் அதிகம். காற்றில் கிடந்தால் காய்ந்து சுருங்கும், ஈரத்தில் கிடந்தால் உறிஞ்சி ஊதும். எடுத்த சிறிது நேரத்திலேயே அதில் சாந்தை ஊற்றி மாதிரி வார்த்துவிட வேண்டும். தாமதித்தால் அளவு மாறும். அளவு மாறிய மாதிரியில் செய்த பல் வாயில் உட்காராது. வார்த்த பிறகும் அது சாந்துதான். மலைப்பாதை வளைவுகளில் மடியில் வைத்துக்கொண்டு போனாலும் முனை உடையும். எங்களுக்கு உடைந்தது போல.

கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். பல்லுக்குப் பெயர் வைப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை. பிரித்தானிய வழியில் படித்தவர்கள் நீண்ட காலம் பயன்படுத்திய முறையில், நடுப்பல்லிலிருந்து 1, 2, 3 என்று எண்ணி, அந்த எண்ணின் பக்கத்தில் மூலைபோல ஒரு கோடு போடுவார்கள். கோடு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வைத்து அது மேலா கீழா, இடமா வலமா என்று புரிந்துகொள்ள வேண்டும். கையால் எழுதும்போது அது அழகாக வேலை செய்யும். போனில் தட்டும்போது அந்தக் கோட்டைப் போட எழுத்து இல்லை. கோடு விழுந்துவிட்டால் வெறும் “6” மட்டும் நிற்கும். வாயில் ஆறாவது பல் நான்கு இருக்கிறது.

1970களின் தொடக்கத்திலிருந்து உலகப் பல் மருத்துவ அமைப்பு பரப்பிய முறை இதற்கு நல்ல தீர்வு. வாயை நான்காகப் பிரித்து, நோயாளியின் மேல் வலதுக்கு 1, மேல் இடதுக்கு 2, கீழ் இடதுக்கு 3, கீழ் வலதுக்கு 4 என்று வைத்தார்கள். அதன் பிறகு பல்லின் எண். 36 என்றால் கீழ் இடதில் ஆறாவது பல். அத்தைக்கு இல்லாதவை 35உம் 36உம். இரண்டு இலக்கம், கோடு வேண்டாம், எந்தப் போனிலும் தட்டலாம். ஆனால் அமெரிக்காவில் 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணுவார்கள். அங்கே 14 என்றால் மேல் இடதுக் கடைவாய்ப்பல். நம் முறையில் 14 என்றால் மேல் வலதில் உள்ள சிறு கடைவாய்ப்பல். மென்பொருள் எந்த நாட்டு முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் அனுப்பினால், வாயின் மற்றப் பக்கத்தில் இருக்கும் நல்ல பல்லுக்கு ஆபத்து வரும். எத்தனை விலை கூடிய கருவி வந்தாலும் இந்த எண்ணை இரண்டு பேர் உரக்கச் சொல்லிச் சரிபார்க்கும் பழக்கம் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

படம் பயணிக்கும் காலம்

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1985இல் சூரிச்சில், வாய்க்குள் கெமராவை வைத்துப் பல்லின் வடிவத்தை அளந்து, அந்த அளவில் பீங்கானைக் கடைந்து பல்லில் பொருத்தினார்கள். 1987 அளவில் பிரான்ஸில், பிலிமுக்குப் பதில் மின்னணு உணரியைப் பல்லுக்குப் பின்னால் வைத்து எக்ஸ்ரே எடுக்கும் முறை வந்தது. நம் ஊர்க் கிளினிக்குகளில் ஆர்.வி.ஜி. என்று சொல்வது அதைத்தான். 1990களின் இறுதியில் இத்தாலியில், தலையைச் சுற்றி ஒரு தடவை வந்து தாடையை முப்பரிமாணமாகக் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இவை மூன்று நல்ல கருவிகள். மூன்றின் விளைவும் ஒரே திரையில் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் திட்டமிடும் முறையே மாறியது. அது எப்படி என்று பார்ப்போம்.

வாய் ஸ்கேனர் என்பது டோர்ச் லைட்டின் அளவில் ஒரு கைபிடி. நுனியில் சிறு கெமரா. பற்களின்மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டு போக, நொடிக்குப் பல படங்களை எடுத்து, ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களைப் பார்த்துத் தைத்து, பல் வரிசையின் முழு உருவத்தைத் திரையில் எழுப்பும். சில நிமிடங்கள்தான். வெறும் வெளிச்சம் என்பதால் கதிர்வீச்சும் இல்லை, கூழும் இல்லை. ஆனால் அது மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும். முரசுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

சி.பி.சி.டி. நேரெதிர். எலும்பின் உயரம், அகலம், வேர்கள், கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பின் கால்வாய் எல்லாம் அதில் தெரியும். முரசு போன்ற மெல்லிய தசை அதில் மங்கல். வாயில் உலோக நிரப்பல் இருந்தால் அதைச் சுற்றிக் கோடு கோடாகச் சிதறி, பல்லின் உச்சி சரியாகத் தெரியாது.

இப்போது இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைக்கிறார்கள். இரண்டிலும் இருக்கும் அதே பற்களின் மேடுகளை மென்பொருள் பொருத்திப் பார்த்து இரண்டு படத்தையும் பூட்டிவிடும். மேலே ஸ்கேனர் தந்த துல்லியமான பல்லும் முரசும், உள்ளே சி.பி.சி.டி. தந்த எலும்பும் நரம்பும். அத்தோடு நோயாளி சிரிக்கும் ஒரு புகைப்படம். ஹட்டனில் இருக்கும் பல் வைத்தியர், கண்டியில் இருக்கும் அறுவை நிபுணர், கொழும்பில் இருக்கும் தொழில்நுட்பவியலாளர் மூவரும் ஒரே நேரத்தில் அதைச் சுழற்றிப் பார்க்கலாம்.

இங்கே நான் மிக முக்கியமாக நினைக்கும் ஒரு மாற்றம் நடக்கிறது. முன்பு இம்ப்ளான்டை எலும்பு எங்கே தாராளமாக இருக்கிறதோ அங்கே பதித்தார்கள். அதன்மேல் பல்லை எப்படி உட்காரவைப்பது என்று லெப்பில் இருப்பவர் பிறகு தலையைப் பிய்த்துக்கொள்வார். பல் கன்னத்தைக் கடிக்கும் கோணத்தில் வந்து நிற்கும், அல்லது அடியில் துலக்கவே முடியாத ஒரு பொந்து விழும். இப்போது பல்லிலிருந்து தொடங்குகிறார்கள். எதிர்ப்பல்லோடு சரியாகக் கடிக்கும் ஒரு பல்லை முதலில் திரையில் வரைந்து, அந்தப் பல்லைத் தாங்க இம்ப்ளான்ட் எந்தக் கோணத்தில் எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்று பின்னோக்கிப் போகிறார்கள். அந்த இடத்தில் எலும்பு போதுமா, நரம்புக் கால்வாய்க்கு மேலே வழக்கமாக விடும் 2 மில்லிமீற்றர் பாதுகாப்பு இடைவெளி கிடைக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். அந்த நரம்பைத் தொட்டுவிட்டால் கீழுதடு மரத்துப்போகும், சில நேரம் நிரந்தரமாகவே. பிறகு அதே கோணத்தில் துளை விட்ட ஒரு வழிகாட்டித் தகட்டை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்து, பற்களின்மேல் தொப்பிபோல் மாட்டி, அந்தத் துளை வழியாகவே துளைப்பார்கள்.

கவனித்தீர்களா, இந்த முறையில் தொழில்நுட்பவியலாளர் வரிசையின் கடைசியிலிருந்து முதலுக்கு வந்துவிட்டார். பல்லைச் செய்யும் கை, எலும்பைத் துளைக்கும் கைக்கு முன்பே கருத்துச் சொல்கிறது. “இவ்வளவு உயரம் இருந்தால்தான் பீங்கான் உடையாமல் நிற்கும்” என்று அவர் சொல்வது, வாயைத் தொடும் முன்பே எல்லோர் காதிலும் விழுகிறது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்கிறார்கள். எக்ஸ்ரேயில் சொத்தைபோல் தெரியும் இடத்தை நிறம் தீட்டிக் காட்டும், நரம்புக் கால்வாயைத் தானே கோடிட்டுக் காட்டும். இரண்டாவது ஜோடிக் கண்ணாக அது உதவும். நிழலைச் சொத்தை என்று காட்டிவிடவும் கூடும், ஆகவே கடைசிச் சொல் வைத்தியருடையது.

கருவி பார்க்காதவை

அத்தைக்கு சீனி இருக்கிறது. அது எந்த ஸ்கேனிலும் தெரியாது. சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முரசு நோய் வேகமாகும், புண் ஆற நாளாகும். முரசு பல்லைவிட்டு எத்தனை மில்லிமீற்றர் பிரிந்திருக்கிறது என்பதை இன்றும் மெல்லிய அளவுகோல் ஒன்றால் பல் பல்லாகத் தொட்டுத்தான் அளக்கிறார்கள். பல் உயிரோடு இருக்கிறதா என்று குளிர்ச்சியை வைத்துப் பார்க்கிறார்கள். எச்சிலும் இரத்தமும் இருந்தால் ஸ்கேனர் தடுமாறும். பல்லே இல்லாத வாயில் அதற்குப் பிடித்துக்கொள்ள அடையாளம் இல்லை, ஆகவே முழுச் செட்டுக்குப் பல இடங்களில் இன்னும் அச்சுத்தான் எடுக்கிறார்கள். அதைப் பழைய முறை என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை.

பிறகு வெற்றிலை. இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. மலையில் நிற்கும்போது குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை போடுவது நம்மவர்களின் நீண்ட பழக்கம். புகையிலை இல்லாவிட்டால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் பலர். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இலேயே பாக்கைத் தனியாகவே புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. பாக்கு வாயின் உட்தசையை நாராக இறுக்கும். வாய் சிறிது சிறிதாகத் திறக்க மறுக்கும். இரண்டு விரல் நுழையாத வாயில் ஸ்கேனர் நுனியைப் பின்பற்கள் வரை கொண்டுபோக முடியாது. வழிகாட்டித் தகட்டை மாட்டினால் அதற்கு மேலே நீளமான துளைக்கருவிக்கும் இடம் வேண்டும், அதுவும் கிடைக்காது. திரையில் கச்சிதமாகப் போட்ட திட்டம் கதிரையில் கைவிடப்படுவது இப்படித்தான். ஆகவே படங்களோடு சேர்த்து, வாய் எத்தனை மில்லிமீற்றர் திறக்கிறது, வெற்றிலை போடுபவரா, என்ன மருந்து குடிக்கிறார் என்ற மூன்று வரியையும் அனுப்ப வேண்டும். இரத்தத்தை இளக்கும் மருந்து, எலும்புத் தேய்வுக்கான சில மருந்துகள் எல்லாம் பல் பிடுங்கும் முடிவையே மாற்றக்கூடியவை.

இந்த விடயத்தில் இலங்கைக்கு ஒரு நல்ல முன்னனுபவம் உண்டு. ஆரம்ப சுகாதார ஊழியர்களைப் பயிற்றுவித்து, மக்களின் வாயைப் பார்த்துப் புற்றின் முன்னறிகுறிகளைக் கண்டுபிடிக்கச் செய்யலாம் என்று காட்டிய இலங்கை ஆய்வு ஒன்று 1984இல் உலக சுகாதார அமைப்பின் சஞ்சிகையில் வந்தது. அப்போது அவர்கள் கையில் போன் இல்லை. இன்று ஆறாத வெள்ளைத் திட்டையோ சிவப்புத் திட்டையோ தெளிவாகப் படமெடுத்து அன்றைக்கே நிபுணருக்கு அனுப்பலாம். அந்தப் படத்தைப் பார்த்து “உடனே வரச் சொல்லுங்கள்” என்று ஒருவர் சொல்வதுதான் இந்தத் தொழில்நுட்பம் முழுவதிலும் எனக்கு மிகப் பெரிய பயனாகத் தெரிகிறது.

பல வருடத் திட்டம்

உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூட்டுத் திட்டம் என்பதன் முழு அர்த்தம் அங்கேதான் தெரியும். உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தைப்பது வழக்கம். அண்ணத்தை ஒரு வயதை ஒட்டி. பிறகு பேச்சுப் பயிற்சி. எட்டு முதல் பதினொரு வயதுக்குள், வேட்டைப்பல் முளைத்து இறங்கும் முன், பல் வரிசை பிளந்த இடத்தில் எலும்பு வைப்பார்கள். அதற்கு முன்னும் பின்னும் கம்பி. தாடை வளர்ந்து முடிந்த பிறகு சிலருக்கு இன்னோர் அறுவை. ஒரு பிள்ளைக்குப் பதினெட்டு வருடத் திட்டம். இதற்குள் வைத்தியர்கள் மாறுவார்கள், குடும்பம் தோட்டத்தைவிட்டுக் கொழும்புக்குப் போயிருக்கும். ஐந்து வயதில் தாடை எப்படி இருந்தது என்று பத்து வயதில் பார்க்க வேண்டுமானால் முன்பு அலுமாரியில் பெயர் எழுதி அடுக்கிய சாந்து மாதிரிகளைத் தேட வேண்டும். இப்போது ஐந்து வயது ஸ்கேனையும் பத்து வயது ஸ்கேனையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, எங்கே எவ்வளவு வளர்ந்தது என்று பார்க்கலாம்.

நம் கையில் இருப்பவை

இந்தக் கருவிகள் தோட்டத்து மருந்துச் சாலையில் இல்லை. பேராதனையில் பல் மருத்துவ பீடமும் அதனோடு சேர்ந்த போதனா வைத்தியசாலையும் இருப்பது மலையகத்துக்குப் பெரிய துணை. ஆனாலும் மஸ்கெலியாவிலிருந்தோ, பதுளைப் பக்கம் பசறையிலிருந்தோ அது தூரம்தான். ஆகவே தூரத்தில் இருக்கிற ஒருவர் என்ன செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

எக்ஸ்ரே பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போனில் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடுகிறோம். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது நுண்ணிய சாயல்கள் போய்விடும். டிஜிட்டல் எக்ஸ்ரே எடுத்தால் மூலக் கோப்பைப் பென் டிரைவிலோ சீடியிலோ கேட்டு வாங்குங்கள். அனுப்புவதென்றால் படமாக இல்லாமல் ஆவணமாக இணைத்தால் சுருங்காது. சி.பி.சி.டி. கோப்பு நூற்றுக்கணக்கான மெகாபைட் வரும். சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் அது ஏறாது, டவுனுக்கு வரும் நாளில் அனுப்புங்கள். அந்த ஸ்கேனை அறுவைக்காரர் திறக்கத் தேவையானது டைகொம் வடிவக் கோப்பு. வாய் ஸ்கேன் பெரும்பாலும் எஸ்.டி.எல். வடிவில் வரும். இந்த இரண்டு பெயரையும் கிளினிக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டால் கேட்பதற்கு உதவும்.

பழைய படத்தைக் காட்டினால் புதிதாக எடுக்கத் தேவையில்லாமல் போகலாம். சி.பி.சி.டி.யின் கதிர்வீச்சு சாதாரணப் பல் எக்ஸ்ரேயைவிட அதிகம், ஆகவே காரணம் இல்லாமல் எடுக்கக் கூடாது. வாயை செல்பி எடுத்து அனுப்பினால் சில போன்கள் இடத்தை வலமாக மாற்றிவிடும். பின்பக்கக் கெமராவில் வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் என்று எழுதியும் விடுங்கள்.

படத்தை யார் யாருக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்பது நோயாளியின் உரிமை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆரோக்கியத் தகவலைக் கூடுதல் பாதுகாப்புத் தேவைப்படும் வகையில்தான் சேர்த்திருக்கிறது. முகத்தோடு சேர்த்து எடுத்த படம் ஒரு குழுவில் சுற்றிக்கொண்டிருக்க யாரும் சம்மதிக்க வேண்டியதில்லை.

மொழியைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். வைத்தியர் சிங்களத்தில் விளக்குவார், குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கும், அத்தைக்குத் தமிழ்தான் தெரியும். முன்பு “சரி சரி” என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து என்னிடம் கேட்பார். போன வருடம் ஹட்டனில் ஒரு கிளினிக்கில் அவர் வாயை ஸ்கேன் பண்ணி, திரையை அவர் பக்கம் திருப்பினார்கள். சாய்ந்து கிடக்கும் பல்லையும், மேலேயிருந்து இறங்கி வந்த பல்லையும் அவர் தன் கண்ணால் பார்த்தார். “இந்தப் பல்லு ஏன் புள்ள இப்புடிச் சாஞ்சு கெடக்கு?” என்று கேட்டார். பல் போய் இத்தனை வருடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

அந்த ஸ்கேனும், வாய் முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் எக்ஸ்ரேயும், சீனி அளவும் கண்டிக்குப் போயின. மறுவாரம் ஹட்டனில் நாங்கள் உட்கார்ந்திருக்க, இரண்டு வைத்தியர்களும் போனில் அதே படத்தைப் பார்த்தபடி பேசினார்கள். இருபது நிமிடம் இருக்கும். முரசு நோய் இருக்கும்போது, சீனியும் கூடியிருக்கும்போது இம்ப்ளான்ட் இப்போது வேண்டாம், ஆகவே சி.பி.சி.டி.யும் இப்போது வேண்டாம் என்று முடிவாயிற்று. முதலில் முரசுக்கு வைத்தியம், கூடவே சீனியைக் குறைப்பது, பிறகு கழற்றி மாட்டும் சிறு செட்டு. மேலேயிருந்து இறங்கிய பல்லைச் சிறிது தேய்த்தால் செட்டுக்கு இடம் கிடைக்கும் என்று லெப்பிலிருந்து ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். சீனி நன்றாக இறங்கி, அத்தையும் விரும்பினால் இம்ப்ளான்டைப் பிறகு யோசிக்கலாம், கோப்பு இருக்கிறது.

எல்லாம் பேசி முடித்து வைத்தியர் எழுதத் தொடங்கியபோது அத்தை கையைத் தூக்கினார். “டொக்டர், எத்தன நாளு எனக்குப் பேரு போகும்?”

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். வைத்தியர் எழுதுவதை நிறுத்திவிட்டு நாட்காட்டியை எடுத்தார். கண்டிக்கு ஒரே ஒரு தடவை போதும், அதையும் சம்பளத்துக்கு மறுநாள் வரும் லீவில் வைக்கலாம். மற்ற நான்கு தடவையும் ஹட்டனில், மூன்றை ஞாயிற்றுக்கிழமை மாலையில் வைத்தால் ஒரு நாள்தான் பேர் போகும் என்று கணக்குப் போட்டுத் தாளின் மேலே முதல் வரியாக அதை எழுதினார்.